கடமுடாக் கூட்டத்துக்கு அம்மிச்சி ஊர் எது?

அன்புள்ள மாப்ளே,

போன் பண்ணினால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று எனக்கும் தெரியும், ஆனால் போனில் நீ ஒவ்வொரு வாக்கியத்துக்கும் குறுக்கே விழுவாய், இதை நான் ஒரே மூச்சில் சொல்லியாக வேண்டும், அதனால்தான் கடிதம். முதலில் ஊர்ச் செய்தி. ஆடிக் காத்து இந்த வருஷம் சாளை ஓட்டைத் தூக்கப் பார்த்தது. கிணத்தில் தண்ணி இருக்கிறது, தென்னைக்குப் போதும். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, கட்டுத்தறிக்குப் போகாதீங்க என்றால் கேட்பதில்லை. செவலை மாடு கன்று போட்டு இருபது நாள் ஆகிறது, அதைப் பார்க்காமல் அவங்களுக்குப் பொழுது விடியாது. உன் தங்கச்சியும் நல்லா இருக்கிறாள், உன்னைத் திட்டச் சொன்னாள், திட்டியதாக வைத்துக்கொள்.

சரி, விஷயம். அட்டாலியை ஒழுங்கு பண்ணும்போது நம் நோட்டு கிடைத்தது. பத்தாம் வகுப்புப் புவியியல் நோட்டு, முன்பக்கம் பருவக்காற்று, பின்பக்கம் திருப்பினால் நாம் கற்பனையாக வரைந்த ஏழுமலை நாடு. கரையான் ஒரு மூலையைத் தின்றுவிட்டது, வடக்குக் கடல் போச்சு. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது: ஊதுகணவாய், அதற்குக் கிழக்கே சமவெளி, கணவாயின் வாயில் நீ வட்டம் வட்டமாகப் போட்ட அரக்கர் குடியிருப்பு. அதற்குக் கீழே உன் கையெழுத்தில் இரண்டே வரி. "இங்கே கடமுடாக் கூட்டம் என்ற அரக்கர்கள் வாழ்ந்தார்கள். ஒரே இரவில் எல்லோரும் அழிந்தார்கள்." அவ்வளவுதான். சாப்பாட்டு மணி அடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தம்பி மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு கதை ஆட்டம் ஆடுகிறாள். ஒருத்தர் கதை சொல்லிக்கொண்டே போக வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக இருந்து அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும், சண்டை வந்தால் பகடை உருட்டுவார்கள். நம் நோட்டைப் பார்த்ததும் இந்த நாட்டிலேயே ஆடலாம் என்று முடிவு பண்ணிவிட்டார்கள், கதை சொல்கிற வேலை என் தலையில். நானும் உன் இரண்டு வரியைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங் பெரிப்பா, இந்த அரக்கனுக்கு அம்மிச்சி ஊரு எது?"

எனக்கு வாய் அடைத்துப் போச்சு. நாம் இரண்டு பேரும் அவர்களுக்கு எத்தனை பல், எத்தனை அடி உயரம் என்றெல்லாம் யோசித்தோமே தவிர, அம்மிச்சி ஊரை, அம்மாவைப் பெற்றவள் ஊரை, யோசிக்கவே இல்லை. யோசித்துப் பார், நம் பக்கம் காடை, ஆந்தை என்று கூட்டம் சொல்வார்களே, ஒரே கூட்டத்துக்குள்ளே எல்லோரும் பங்காளி, பெண் கொடுக்கவும் முடியாது எடுக்கவும் முடியாது. கூட்டம் என்று நீ பேர் வைத்த அன்றைக்கே பெண் எடுக்க இன்னொரு கூட்டம் எங்கேயோ இருந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. ஒரே ஒரு கூட்டமாக அரக்கர் வாழவே முடியாது. இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் மூன்று வாரமாக அவர்களின் சரித்திரத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன், அதை உன்னிடம் சொல்லி ஒப்புதல் வாங்கத்தான் இவ்வளவு பீடிகை.

முதலில் அவர்கள் என்ன தொழில் செய்தார்கள். நீ எழுதவில்லை. நம் கதைகளில் அரக்கன் வருவதே சாவதற்குத்தான், தொழில் என்ன என்று யாரும் கேட்பதில்லை. எனக்குக் கொடுமணல் ஞாபகம் வந்தது. சென்னிமலைக்கு அந்தப் பக்கம் நொய்யல் வடகரையில், 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் தோண்டினார்களே அதே இடம். இரும்பு உருக்கிய உலை, எஃகு காய்ச்சிய மூசை என்கிற மண்குவளை, கல்மணி கோத்த பட்டறை எல்லாம் அங்கே கிடைத்திருக்கிறது, பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இந்த ஊர்தான் என்கிறார்கள். போன தையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அங்கே கல்வட்டங்களுக்கு நடுவே ஈமக்குழிகள் இருக்கின்றன, பலகைக்கல்லை நிறுத்திக் கட்டியவை, அந்தப் பலகையில் வட்டமாக ஒரு துளை போட்டிருப்பார்கள். இவ்வளவு பெரிய கல்லை மனுஷன் எப்படித் தூக்கினான் என்று பசங்கள் கேட்டுக்கொண்டே வந்தார்கள். மனுஷன்தான் தூக்கினான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் நம் ஏழுமலை நாட்டில் அதை அரக்கர் தூக்கினார்கள் என்று வைத்துக்கொள்வதில் யாருக்கு நஷ்டம்?

ஆக கடமுடாக் கூட்டம் உருக்குக் காய்ச்சுகிற கூட்டம். கணவாயில் ஏன் குடியிருந்தார்கள் என்பதற்கும் இதிலேயே பதில் வந்துவிட்டது: காத்துக்காக. நம் பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம், அந்தச் சந்து வழியாக ஆனி, ஆடியில் வருகிற காத்தை நம்பித்தான் பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் காத்தாடி நட்டிருக்கிறார்கள். ஊதுகணவாய் அதைவிடக் குறுகல், அதனால் காத்து இன்னும் வேகம். உலையின் வாயை மேற்கே பார்த்து வைத்துவிட்டால் ஆடி முழுக்கத் துருத்தியே வேண்டாம். மற்ற மாதங்களில் துருத்தி, இரண்டு அரக்கர் மாறி மாறி மிதிக்கிற துருத்தி. உலைக்கு உள்மண் பூசுவது பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, வயசைக்கூட அதை வைத்துத்தான் சொல்வார்கள், "எனக்கு ஒன்பது பூச்சு ஆச்சு" என்றால் கிழவன்.

நிறத்தையும் மாற்றியிருக்கிறேன், கோபப்படாதே. நீ பச்சை என்று எழுதியிருந்தாய். எந்த வெளிநாட்டுப் படப்புத்தகத்தைப் பார்த்து எழுதினாயோ. நான் கட்டுத்தறியில் உட்கார்ந்து யோசித்தபோது எதிரே அந்தக் கன்று நின்றது. காங்கயம் கன்று பிறக்கும்போது செக்கச் செவேல் என்று இருக்கும், ஆறு மாசம் போல ஆனதும் சாம்பல் பூத்துவிடும். அரக்கக் குழந்தையும் அப்படியே, உலையிலிருந்து எடுத்த இரும்பு மாதிரி சிவப்பாகப் பிறந்து, ஆற ஆறச் சாம்பல் நிறம். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்துப்போச்சு. மீசைக்கு மட்டும் ரோட்டோர முனியப்பனைப் பார்த்துக்கொண்டேன். சின்ன வயசில் அந்தச் சிலையைத் தாண்ட நீ கண்ணை மூடிக்கொண்டு சைக்கிள் மிதித்து வாய்க்காலில் விழுந்தாயே, அதே மீசை.

இப்போது முக்கியமான இடம். அரக்கர் என்றால் மனுஷனைத் தின்பவர்கள், இதை எப்படிச் சரிக்கட்டுவது? நான் பகாசுரனிடம் போனேன். வாரம் தவறாமல் ஒரு வண்டிச் சோறு, இரண்டு எருமை, ஓட்டி வந்த ஆள், இவ்வளவும் அவனுக்கு என்று நமக்குச் சொன்னார்கள். ஆனால் பாரதத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அந்த ஊருக்கு ராஜா சரியில்லை, எதிரிகள் வராமல் காத்ததே பகாசுரன்தான், அந்தச் சோறு காவலுக்குக் கொடுத்த கூலி. நம் பழைய கல்வெட்டுகளில் பாடிகாவல் என்று ஒரு வரி வரும், ஊர்க்காவலுக்கு ஊர் கொடுப்பது. அதேதான். கடமுடாக் கூட்டம் கணவாயைக் காத்தது, மேற்கேயிருந்து ஒரு குதிரைகூடச் சமவெளிக்குள் இறங்கவில்லை. பதிலுக்குக் கிழக்கு ஊர்கள் ஆளுக்கு இத்தனை வண்டி கம்பு என்று அனுப்பின. பாறை மேல் அந்த வண்டிகள் ஏறுகிற சத்தம்தான் "கடமுடா". உன் பேரைக் காப்பாற்றிவிட்டேன் பார்.

அப்புறம் மழை பொய்த்தது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை, ஏழு வருஷம். மூன்றாம் வருஷம் வண்டி பாதியாச்சு, ஐந்தாம் வருஷம் நின்றே போச்சு. ஆறாம் வருஷம் வந்த ஒரே ஒரு வண்டியில் கம்புக்குப் பதிலாக உமி இருந்தது. அரக்கர் தலைவன் உமியைக் கொட்டிவிட்டு வண்டி மாட்டைப் பிடித்துக்கொண்டான். இதில் தப்பு அவன் பேரிலும் உண்டு, மழை இல்லாதவனிடம் மாட்டைப் பிடிப்பது எந்த நியாயம், நான் அவனை உத்தமனாக எழுதவில்லை. ஆனால் வண்டிக்காரனை அவன் தொடவில்லை. வண்டிக்காரன் கீழே பண்ணையத்தில் கடன்பட்டவன், மாடு இல்லாமல் திரும்பினால் தோலை உரித்துவிடுவார்கள், அதனால் அவன் போகாமல் மேலேயே தங்கித் துருத்தி மிதிக்கப் பழகிக்கொண்டான். கீழே ஆள் வரவில்லை. மாடும் வரவில்லை. தின்றுவிட்டார்கள் என்று ஊர் முடிவு பண்ணிவிட்டது, உடுக்கையடித்துப் பாடவும் ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டில் ஏறிய பிறகு யார் மாற்றுவது? அரக்கர் சுடுகாட்டில் கல்வட்டங்களுக்கு நடுவே ஒரு குழி மட்டும் மற்றதில் பாதி அளவுதான் இருக்கும். அது அந்த வண்டிக்காரனுடையது. அந்த இடத்தைச் சொன்னபோது பசங்கள் ஒருத்தரும் பேசவில்லை.

இனி உன் இரண்டாவது வரி. முந்நூறு அரக்கரை ஒரே இரவில் எப்படிக் கொல்வது? விஷம் வைக்கலாம், தலைவனைக் குத்தலாம், எதுவும் ஒட்டவில்லை. அப்போதுதான் உன் வரைபடத்தில் கணவாய்க்குக் கிழக்கே ஏழு ஊரைச் சிவப்பு மையில் அடித்துப் "பாழ்" என்று எழுதியிருப்பதைக் கவனித்தேன். ஏன் பாழ் என்று நீ எங்கேயும் சொல்லவில்லை. மாப்ளே, நீ தெரிந்து போட்டாயோ தெரியாமல் போட்டாயோ, பதில் அதில்தான் இருந்தது. அது ஏழாம் வருஷத்து ஆடி. கணவாய் முழுக்கப் புல் காய்ந்து சருகாக நிற்கிறது. சமவெளி ஆட்கள் மலையைச் சுற்றிக்கொண்டு போய் மேற்கு வாயில், அரக்கருக்கு முதுகுப் பக்கம், நெருப்பு வைத்தார்கள். உலைக்காக நம்பியிருந்த அதே காத்து நெருப்பைக் கொண்டுவந்து கொட்டியது. கணவாயோடு நின்றதா? காத்துக்கு எல்லை தெரியுமா? கிளுவை வேலியைத் தாண்டி, கொழுக்கட்டைப் புல்லைத் தாண்டி, வைத்தவர்களின் ஏழு ஊரையும் தின்றுவிட்டுத்தான் அணைந்தது. ஜெயித்தவர்கள் பாட்டில் அந்த ஏழு ஊரை எரித்ததும் அரக்கர்தான்.

இதை எழுதிவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் தம்பி மகள் வந்து, "பெரிப்பா, ஆடி மாசமுங்களா? அப்ப புதுசாக் கல்யாணம் ஆன புள்ளைங்க எல்லாம் அம்மா ஊட்டுக்கு வந்திருப்பாங்களே" என்றாள். அவளுக்குப் பதினொரு வயசு. ஆமாம், ஆடிக்கு அழைத்து வந்த புதுப்பெண்கள் அத்தனை பேரும் அந்த நெருப்பில் இருந்திருப்பார்கள். நான் அதை யோசிக்கவே இல்லை. அவர்களையும் எழுதிச் சேர்த்தேன். அதனால்தான் தெற்கே இருக்கிற அந்த இன்னொரு கூட்டம், பெண் எடுத்த கூட்டம், நான் வைத்த பேர் சுனைக் கூட்டம், இன்றைக்கும் ஆடியில் மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

ஆனால் பழைய மருமகள்கள் அனுப்பப்படவில்லை இல்லையா? பத்து வருஷம், இருபது வருஷம் முன்னால் கட்டிக் கொடுத்த கடமுடாப் பெண்கள் சுனைக் கூட்டத்தில் பிள்ளைகுட்டியோடு இருந்திருப்பார்களே. அந்தப் பிள்ளைகள் அப்பன் வழியில் சுனைக் கூட்டம்தான், மறுக்கவில்லை. கடமுடாக் கூட்டம் என்று சொல்லிக்கொள்ள ஆண் வாரிசு ஒருத்தனும் இல்லை, உன் வரி உண்மைதான், கூட்டம் அழிந்தது. ஆனால் உலைக்கு மண் பிசைகிற பக்குவம், மூசைக்குள் இரும்போடு எந்த இலை போடுவது என்கிற கணக்கு, தாலாட்டாகப் பாடின சரித்திரம், இவ்வளவும் அம்மிச்சிகளிடம் இருக்கிறது. சுனைக் கூட்டத்துப் பையன் ஒருவன் ஏதோ ஒரு நாள் கணவாய்க்கு வந்து, சொல்லித் தராமலேயே உலையின் வாயை மேற்கே பார்த்து வைக்கிறான். அங்கேயிருந்து ஆட்டம் ஆரம்பம்.

இதற்குத்தான் உன் சம்மதம் வேண்டும். அரக்கர் உன்னுடையவர்கள், நான் வெறும் நதியும் மலையும் வரைந்தவன். ஒரு வரியையும் அடிக்கவில்லை, பக்கத்தில்தான் எழுதியிருக்கிறேன். பச்சை நிறத்தை மட்டும் விட்டுக்கொடு.

பட்டிப் பொங்கலுக்காவது வா. ஓசூரில் அப்படி என்ன வெட்டி முறிக்கிறாய், லீவு கேட்டால் கொடுக்க மாட்டார்களா? தை தப்பினால் சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்கு வா, காளை பார்த்துவிட்டு வருவோம். வரும்போது இரண்டாவது நோட்டைத் தேடி எடுத்து வா, ஊதா அட்டை போட்டது, அது உன்னிடம்தான் இருக்க வேண்டும், இல்லை என்று சாதிக்காதே.

இன்னொன்று. வரைபடத்தில் கணவாய்க்குத் தெற்கே, மலை முடிகிற இடத்தில், பென்சிலால் சின்னதாக ஒரு வீடு போட்டிருக்கிறாய், பேர் எழுதவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன், வீடுதான், புகைகூட வருகிறது. நீ எதற்காகப் போட்டாய் என்று தெரியாது. அதுதான் அம்மிச்சி வீடு என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். நீ வந்து இல்லை என்று சொல்லித் தொலைக்காதே.

இப்படிக்கு,
உன் பழைய நதிக்காரன்