சீதாப்பழ பார்சலோட ஒரு லெட்டர்

எம்மா பாப்பா,

சாப்டியான்னு கேக்கப் போறதில்ல, நேத்து ராத்திரி நீ அனுப்புன போட்டோவப் பாத்துட்டுதான் இத எழுதுதேன். கண்ணாடிக் கிண்ணத்துல கிவி, டிராகன் பழம், ஊதாக் கலர்ல குட்டி குட்டியா என்னமோ, மேல ரெண்டு புதினா எல. கீழ "டின்னர் ஓவர்ப்பா"ன்னு வேற போட்டிருந்த. உங்க அம்மாட்ட காட்டுனேன், அவ கண்ணாடிய எடுத்து மாட்டி நல்லா உத்துப் பாத்துட்டு "அது சரி, சோறு எங்க"ன்னு கேட்டா. போன்ல சொன்னா நீ சரிப்பா சரிப்பான்னுட்டு வச்சிருவ, அதான் மெனக்கெட்டு டைப் பண்ணுதேன், எழுத்துப் பிழை இருந்தா கண்டுக்காத.

மொதல்ல என் கூத்தச் சொல்லிருதேன். எனக்கு சுகர்னு தெரிஞ்ச அன்னைக்கி பாத்த டாக்டரு, தலைய நிமுத்தாமயே "பழமெல்லாம் தொடக்கூடாது"ன்னு ஒத்த வரில முடிச்சுட்டு அடுத்த ஆளக் கூப்டுட்டாரு. நானும் சாமிக்கு நேந்த மாதிரி 14 மாசம் பழத்தத் தொடல, பொறவாசல் கொய்யாவ பூரா அணில்தான் தின்னுச்சு. ஆனா பதினோரு மணிக்கு வயிறு கேக்கும்லா, அதுக்கு ஒரு டீயும் நாலு உப்பு பிஸ்கட்டும், சாயந்திரம் ஒரு கை மிச்சர். அது இனிக்கலயே, அப்போ சுகர ஒண்ணும் செய்யாதுன்னு எனக்கு ஒரு நெனப்பு. மூணு மாச சுகர் டெஸ்டு எடுத்துப் பாத்தா ஏறித்தான் இருந்துச்சு. அப்புறம் வேற ஒரு டாக்டரம்மாட்ட போனோம், அவங்க காலைல இருந்து ராத்திரி வரைக்கும் வாயில போடுத ஒவ்வொண்ணையும் கேட்டு எழுதிட்டு, "ஏன் அண்ணாச்சி, மைதா பிஸ்கட்ட நீங்க தின்னுட்டு கொய்யாவ அணிலுக்குக் குடுத்தீங்களாக்கும்"னு சிரிச்சாவ. எனக்கு மானமே போயிட்டு.

அவங்க சொன்னது ரொம்ப சின்ன விசயம்தான். மத்தியானச் சோத்துல ரெண்டு கரண்டி கொறைக்கணும், பிஸ்கட்டு நேரத்துல ஒரு சின்ன கொய்யா, அதையும் கடிச்சுத்தான் தின்னணும், ஜூஸ் கிடையாது. ஒரு தம்ளர் ஜூஸுக்கு மூணு நாலு ஆரஞ்சு போவுது, நார பூரா பிழிஞ்சு தூரப் போட்டுட்டு சக்கரத் தண்ணிய மட்டும் குடிக்கோம், அது மடமடன்னு ரத்தத்துல ஏறிருது, அதுவே சொளையா மென்னு தின்னா நாரு இருக்கதால பைய ஏறும், ஒண்ணு தின்னதுமே போதும்னும் தோணும். நாலு ஆரஞ்ச உரிச்சு ஒரே மூச்சுல யாரு திம்பா சொல்லு.

அவங்க ரூம் செவுத்துல ஒரு தட்டு படம் ஒட்டிருந்துச்சு, ஹைதராபாத்ல இருக்க தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போட்டது. ஒரு நாளைக்கி 2000 கலோரி சாப்புடுத ஆளுக்கு காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், மிச்சம் அரிசி கோதும, பருப்பு, பாலு, கடலையின்னு பிரிச்சுப் போட்டிருக்கு. நான் திரும்பத் திரும்ப பாத்தேன், பழம் நூறு கிராம்தான். அதாவது விட்டுரவும் கூடாது, அதுவே சாப்பாடும் கிடையாது. அப்போதான் உன் கிண்ணம் ஞாபகத்துக்கு வந்துச்சு. நான் பழத்த மட்டும் விட்டேன், நீ பழத்த மட்டும் பிடிச்சிட்டு மத்த எல்லாத்தையும் விட்டுட்ட, அப்பனும் மவளும் நல்லா இருக்கோம். அந்தக் கிண்ணத்துல பருப்பு இல்ல, முட்ட இல்ல, ஒரு வாய் தயிர் கூட இல்ல. ராத்திரி பதினோரு மணிக்கு பசிச்சு சிப்ஸ் பாக்கெட்ட ஒடைப்ப, அதுக்கு மட்டும் போட்டோ வராதுன்னு எனக்குத் தெரியாதா. ராத்திரிக்கு ரெண்டு இட்லி சாம்பாரு இல்லன்னா ஒரு முட்ட, பொரியலு, அப்டி எதாவது சாப்புடு. பழத்த ஆபீஸ்ல பதினோரு மணிக்கு வச்சுக்க.

அடுத்தது அந்த கிவி. வேண்டாங்கல, ஆனா வைட்டமின் சிக்காகத்தான் வாங்குதன்னா, நம்ம கொய்யால அதப் போல ரெண்டு மடங்கு இருக்கு, நூறு கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல, ஆரஞ்சுல அம்பது பக்கம்தான். நெல்லிக்கா அதுக்கும் மேல. அந்தச் சத்து பறிச்சு நாளாக ஆக கொறஞ்சிட்டே வரும், கப்பல்ல வந்ததுக்கும் காலைல பறிச்சதுக்கும் வித்தியாசம் இருக்கும்லா. ஆப்பிளும் அப்டித்தான், இப்ப காஷ்மீர் சிம்லா பக்கம் பறிக்க காலம், வாங்கித் தின்னு. பங்குனில விக்க ஆப்பிள் குளிர் கிட்டங்கில மாசக்கணக்கா கெடந்தது. மாம்பழம் அதுக்கு நேர் எதிரு, மாசியிலயே ஒரே மஞ்சளா பளபளன்னு வந்துச்சுன்னா தொடாத, கார்பைடு கல்லு வச்சிருப்பான், அது சட்டத்துலயே தடை பண்ணுனது.

எனக்கு காலண்டரே பஸ்தான், ஒனக்குத் தெரியும்லா. 27 வருசம் பாபநாசத்துக்கும் நெல்லைக்கும் அப்புறம் தென்காசிக்கும் டிக்கெட் கிழிச்சவன், ஏறுத கடகத்த மோந்து பாத்தே மாசம் சொல்லுவேன். கொடுக்காப்புளி ஏறுனா வெயில் வரப் போவுது, நொங்கு ஏறுனா வந்தே போச்சு. ஆடி மாசம் கல்லிடக்குறிச்சி ஸ்டாப்ல ஒரு ஆச்சி நாவப்பழக் கடகத்தோட ஏறும். லக்கேஜுக்கு டிக்கெட் எடு ஆச்சின்னா "எய்யா, நாவப்பழத்துக்கு ஏதுய்யா டிக்கெட்டு"ன்னு ஒரு கை அள்ளி உப்பத் தூவி நீட்டும். செக்கிங் பயம் ஒரு பக்கம், நாக்கு ஊறுதது ஒரு பக்கம். அன்னைக்கி வசூல் நோட்டு பூரா ஊதா ரேகையா இருக்கும், டிப்போல கேஷியர் என் நாக்க நீட்டச் சொல்லிப் பாத்துட்டு சிரிப்பாரு. தென்காசி ரூட்டுக்கு மாறுனதும் குத்தாலம் சீசன், மங்குஸ்தான், ரம்புட்டான். இப்ப தென்காசி தனி மாவட்டம் ஆயிட்டு 2019ல, பழத்துக்கு மாவட்டம் ஏது. ஒனக்கு ஞாபகம் இருக்கா, சாரல்ல நனஞ்சுட்டு மங்குஸ்தான் அடிய எண்ணிப் பாப்ப, அடியில பூ மாதிரி இருக்க இதழ் எத்தனையோ உள்ள சொளை அத்தனை, ஆறுன்னு சொல்லி ஒடச்சா ஆறு. உன் வெள்ளக் கவுன்ல பட்ட அந்தத் தோலு கறை கடைசி வரைக்கும் போகவே இல்ல.

இப்ப ஆவணி, சீதாப்பழம். அம்மா நட்ட மரம் இந்த வருசம் கொம்பு தாங்காம காச்சிருக்கு. இன்னைக்கி ஆம்னி பஸ்ல பதினாலு காய் போட்டு விடுதேன், கண்ணு விரிஞ்சு இடுக்குல வெள்ளக்கோடு விழுந்ததா பாத்துப் பறிச்சது, வைக்கோலு வச்சு பேப்பர்ல சுத்திருக்கு. பெட்டிய ஒடச்சதும் பிரிட்ஜுக்குள்ள தள்ளிராத, காயா உள்ள வச்சா கருத்துப் போவும், பழுக்காது. அரிசி டப்பாவுல ரெண்டு மூணு நாள் போட்டு வை, தெனமும் அமுக்கிப் பாரு, எது நெகுளுதோ அத அன்னைக்கே தின்னுரு. ஒரு நாளைக்கி ஒண்ணு போதும், இனிப்பு கூடுன பழம், எனக்கே டாக்டரம்மா பாதிதான் கணக்கு வச்சிருக்காவ. கொட்டைய மிக்சில எதுலயும் சேத்து அரச்சிராத, எங்க ஆச்சி பேனுக்குன்னு அரச்சுத் தேச்சு அத்தைக்கு கண்ணு ரெண்டும் செவந்து ஒரு வாரம் தொறக்க முடியாம கெடந்தா. பதினாலும் ஒண்ணா பழுத்துட்டுன்னா ரூம்ல இருக்க பிள்ளைகளுக்குக் குடு. தீந்துட்டுன்னா ஆப்புல தேடாத, தெருமுக்குல வண்டில சீதாபலான்னு கன்னடத்துல கூவுவான், அதேதான்.

பஸ் காலைல ஆறரைக்கு பெங்களூரு மடிவாளா வந்துரும், டிரைவர் நம்பர தனியா அனுப்புதேன். பெட்டிக்கு அடியில கனமா ஒரு பொட்டலம் இருக்கும், அம்மா இட்லிப்பொடி வச்சிருக்கா, நான் பாக்கலன்னு நெனச்சிட்டிருக்கா.

அப்பா