மூச்சு வாங்குவதெல்லாம் இயல்பல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மகளிர் பகுதியில் “கர்ப்பிணிகளுக்கு மூச்சு வாங்குவது இயல்பே, கவலை வேண்டாம்” என்ற வரியைப் படித்தபின் மேற்கொண்டு படிக்க எனக்கு மனம் வரவில்லை. 2016இல், ஏழாம் மாதத்தில் இருந்த என் மகளுக்கும் இதையேதான் சொன்னார்கள். படுத்தால் இருமல் வந்து மூச்சு முட்டியதால், மூன்று தலையணைகளை அடுக்கிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே அவள் இரவுகளைக் கழித்தாள். அதற்குச் சளி மருந்துதான் கிடைத்தது. வேறோர் ஊரில் எக்கோ எனும் இதய ஸ்கேன் எடுத்த பிறகே, 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய, இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள மைட்ரல் வால்வு ஒன்றுக்கும் குறைவாகச் சுருங்கியிருப்பது தெரிந்தது.

கர்ப்ப காலத்தில் உடலின் ரத்தம் 40 முதல் 50 சதவீதம் வரை கூடுவதும், சுருங்கிய வால்வைத் தாண்ட முடியாமல் அது தேங்கி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் தாங்கள் அறியாததல்ல.

பதினோரு வயதில் அவளுக்குக் காய்ச்சலோடு மூட்டுகள் வீங்கின. இதய வால்வுகளைப் பாதிக்கக்கூடிய ருமாட்டிக் காய்ச்சல் என்று கண்டறிந்து, அது திரும்ப வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி எழுதிக் கொடுத்தார்கள். நான்கு ஆண்டுகளில், “இனி வேண்டாம்” என்றார் உள்ளூர் மருத்துவர் ஒருவர், நம்பினோம். கல்யாணப் பேச்சு வந்தபோது, பழைய நோயைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று உறவினர் தடுத்தார்கள், அதற்கும் பணிந்தோம். அன்றே ஓர் எக்கோ எடுத்திருந்தால், கருத்தரிக்கும் முன்பே வால்வைச் சரிசெய்திருக்கலாம்.

வயிற்றை ஈயக் கவசத்தால் மூடி, தொடை ரத்தக்குழாய் வழியே பலூனைச் செலுத்தி வால்வை விரித்த மருத்துவர்களால்தான் தாயும் சேயும் எனக்குக் கிடைத்தார்கள். ஆனால் பிரசவமான மறுநாளே படுக்கையைக் காலி செய்யச் சொன்னார்கள். கருப்பை சுருங்கும்போது ரத்தம் இதயத்துக்குத் திரும்பிப் பாயும் அந்த முதல் மூன்று நாள்களே மிகவும் ஆபத்தானவை என்று நான் மன்றாட வேண்டியிருந்தது.

இருபது ஆண்டுகளாகத் தங்கள் இதழை வாங்குகிறேன். குங்குமப்பூவுக்கும் வளைகாப்புச் சாதங்களுக்கும் எத்தனையோ பக்கங்கள் ஒதுக்கினீர்கள். வால்வு நோயுள்ள கர்ப்பிணியைப் பற்றி ஒரு பத்தி படித்த நினைவுகூட எனக்கு இல்லை.

அடுத்த இதழில், அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் இரண்டு வரிகள் வெளியிடுங்கள்: படுத்தால் மூச்சு முட்டினாலோ, இரவில் இருமல் எழுப்பினாலோ கர்ப்பிணி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், எக்கோ எடுக்கும்படி கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவண்ணாமலை மாவட்டம்