நைசியாவில் நடந்தது வாக்கெடுப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்தவ ஆயர்கள் கூடி விசுவாசக் கேள்விகளை விவாதித்த நைசியா சங்கத்தின் 1700-ஆம் ஆண்டையொட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். கி.பி. 325-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் வாக்கெடுப்பு நடத்தி இயேசுவைக் கடவுளாக்கினார் என்று அதில் எழுதியிருப்பது தவறு. பலரும் சொல்லிச் சொல்லியே உண்மைபோல் நிலைத்துவிட்ட தவறு என்பதால் மறுக்காமல் இருக்க முடியவில்லை.

நைசியாவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ரோம ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகத் துதித்துப் பாடுவதைக் குறிப்பிடுகிறார். அலெக்சாந்திரியாவின் குருவான ஆரியஸ்கூட இயேசுவை வெறும் மனிதர் என்று போதித்தவரல்லர். உலகம் தோன்றுமுன்பே இருந்தவர், அவர் வழியாகவே யாவும் உண்டாயின என்றுதான் போதித்தார். ஆனால் அந்தக் குமாரனும் பிதாவால் உண்டாக்கப்பட்டவரே, அவர் இல்லாதிருந்த நிலையும் உண்டு என்றார். சண்டை அங்கேதான் மூண்டது. நைசியா சங்கம் ஆரியஸின் போதனையை நிராகரித்தது. படைக்கப்பட்ட ஒருவரால் படைப்பை எப்படி மீட்க முடியும் என்று கேட்டார், நைசியாவின் முடிவுக்காகப் பின்னர் போராடிய அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ். அந்தக் கேள்வியின் கனம் இன்றும் குறையவில்லை என்றே நினைக்கிறேன்.

பேரரசர் விருப்பம்தான் வென்றது என்றால் பின்னால் நடந்தவற்றுக்கு என்ன விளக்கம்? ஆரியஸை நாடுகடத்திய அதே கான்ஸ்டன்டைன் பிறகு அவரைத் திரும்ப அழைத்தார். 335-இல் அத்தனாசியுஸைத் தொலைதூர டிரியருக்கு அனுப்பினார். 337-இல் மரணப்படுக்கையில் கான்ஸ்டன்டைனுக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர் ஆரியஸின் ஆதரவாளரான நிக்கோமேதியா ஆயர் யூசேபியஸ். மகன் கான்ஸ்டான்டியஸோ நைசியாவை எதிர்த்தவர்களின் பக்கமே நின்றார். அத்தனாசியுஸ் மொத்தம் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். 381-இல் கான்ஸ்டான்டினோபிள் சங்கம் கூடி நைசியாவின் முடிவை உறுதிசெய்யும்வரை இழுபறிதான்.

அரண்மனையோடு நின்றுபோன விவாதமும் அல்ல அது. கான்ஸ்டான்டினோபிளில் ரொட்டி என்ன விலை என்று கேட்டால், பிதா பெரியவர், குமாரன் அவருக்குக் கீழ்ப்பட்டவர் என்று பதில் வருகிறது என அக்காலத்து ஆயரான நிஸாவின் கிரகோரி வருந்தி எழுதியிருக்கிறார். கடைவீதி மனிதர்களும் தங்கள் மீட்பைப் பற்றிய கேள்வியாக இதைச் சுமந்தார்கள். அவர்களையெல்லாம் ஒரு மன்னனின் பொம்மைகளாகக் காட்டுவது அநியாயம்.

கட்டுரையின் தவறைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். 451-இல் நடந்த கல்செதோன் சங்கத்தைப் பற்றியும் விரிவாக எழுதுங்கள். கிறிஸ்துவின் இறை இயல்பு, மனித இயல்பு ஆகிய இரு இயல்புகள் பற்றிய அதன் தீர்மானத்தை ஏற்காமல் பிரிந்த எகிப்தின் காப்டிக் திருச்சபையும் சிரிய மரபும் இன்றும் உயிரோடிருக்கின்றன. கேரளத்தின் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபிய சபைகள் அந்தச் சிரிய மரபில் வருபவையே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை