பெரும்பாக்கத்துக்கு வர வேண்டாம், கண்ணு

அன்பு மகள் கௌசல்யாவுக்கு அம்மா எழுதுவது.

கல்யாணம் முடிந்ததும் இங்கே பெரும்பாக்கத்திலேயே வாடகைக்கு வீடு பிடிக்கலாம், அம்மாவும் பக்கத்தில் இருப்பாள் என்று நீயும் மாப்பிள்ளையும் பேசி வைத்திருப்பதாகப் போனில் சொன்னாய். கேட்க ஆசையாக இருந்ததால் உடனே வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இங்கே வர வேண்டாம். உன் கம்பெனி இருக்கிற வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரே ஒரு ரூம் கிடைத்தாலும் அங்கேயே இருங்கள்.

வாடகை இங்கே குறைவுதான். ஆனால் இங்கிருந்து உன் கம்பெனி 40 கிலோமீட்டருக்கு மேல். காலை ஆறு மணி ஷிஃப்ட் என்றால் நாலு மணிக்கே ரோட்டில் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். பிள்ளை பிறந்தபிறகு எத்தனை பெண்களால் அது முடிகிறது? இந்த பிளாக்கிலேயே பார்க்கிறேன், முதலில் நிற்பது பெண்ணின் வேலைதான்.

கூவம் கரையில் நாம் இருந்தது உனக்கு நினைவிருக்கும். மேகம் கறுத்தாலே வயிற்றைக் கலக்கும். ஆனாலும் நான் வேலை செய்த எழும்பூர் வீடுகளுக்கு நடந்தே போய்விடுவேன். வீட்டு வேலை துண்டு துண்டாகத்தானே வரும்! விடிந்ததும் ஒரு வீட்டில் பாத்திரம், பத்து மணிக்கு இன்னொரு வீட்டில் துணி, சாயந்திரம் மறுபடியும் பாத்திரம். நடுவில் ஓடி வந்து உங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டுவிட்டுப் போவேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கரையைக் காலி செய்து இங்கே எட்டு மாடிக் கட்டடத்தில் வீடு கொடுத்தார்கள். கான்கிரீட் கூரை, உள்ளேயே கழிப்பறை; அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேலையிலிருந்து தூக்கி 25 கிலோமீட்டர் தள்ளிப் போட்டுவிட்டார்கள். நாலு வீட்டு வேலை ஒரு வீடாகச் சுருங்கியது. தம்பி கழுத்தில் சாவியைக் கயிற்றில் கோத்து மாட்டிவிட்டுப் போவேன். ராத்திரி வந்து பார்த்தால் யூனிஃபார்மோடு வாசல் படியில் தூங்கிக் கிடப்பான்.

2021-லிருந்து பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். பெரிய உதவி, மறுக்கவே மாட்டேன். ஆனால் மிச்சமாவது காசு, நேரம் இல்லை. காலை ஐந்து மணி பஸ்ஸில் ஏறிப் பார், பாதிப் பெண்கள் அதிலேயே தலை பின்னிக்கொள்வார்கள், மீதிப் பேர் கம்பியைப் பிடித்தபடி தூங்குவார்கள். அதனால்தான் நானும் சோழிங்கநல்லூர் ஐடி கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங்குக்கு மாறினேன். சம்பளம் காண்ட்ராக்ட்காரர் கையில். இருந்தாலும் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் ஆட்கள் இன்றைக்கும் ஊருக்குள்ளே, கடலுக்குப் பக்கத்திலேயே பிழைக்கிறார்கள். நகரத்துக்குள் நிலம் விலை ஏறியதும் ஏழையை மட்டும் ஊர்க்கோடிக்கு அனுப்பினார்கள். எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

உன்னை மாதிரி கம்பெனியில் வேலை செய்கிற பெண்களுக்கு வல்லம் வடகாலில் ஹாஸ்டல் கட்டினார்களே, 18,720 பேர் தங்குகிற மாதிரி, 2024-ல் திறந்தார்கள். நல்ல காரியம். அதற்கு முன்னால், 2021 டிசம்பரில் வேறொரு ஹாஸ்டலில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பெண்கள் ஆஸ்பத்திரியில் கிடந்து, மற்றவர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்களே, அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள். ஆனால் ஹாஸ்டலில் கிடைப்பது ஒரு கட்டில். தாலி ஏறியபிறகு அந்த ஒரு கட்டிலில் குடும்பம் நடத்த முடியாது. கம்பெனிக்கு இடம் ஒதுக்குகிற அரசாங்கம், அதன் பக்கத்திலேயே குடும்பத்தோடு தங்க, சம்பளத்துக்குத் தகுந்த வாடகையில் வீடும் கட்ட வேண்டாமா? கல்யாணமான பெண் வேலையில் நீடிக்க அது ஒன்றுதான் வழி. நீங்கள் சேர்ந்து மனு எழுதினால் இதை முதல் வரியில் எழுதுங்கள்.

அட்வான்ஸ் அதிகம் கேட்கிறார்கள் என்று தயங்காதே. என் சீட்டுப் பணம் அடுத்த மாதம் வருகிறது, அது உனக்குத்தான். குழந்தை பிறந்தால் நான் வந்து இருக்கிறேன். எனக்கு எந்த ஷிஃப்டும் இல்லை என்று ஆக்கிக்கொள்கிறேன். வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தரம் வருகிறது என்று ஓனரிடம் கேட்காதே, குடியிருக்கிறவர்களிடம் கேள். கரண்ட்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்றும் பார்.

மாப்பிள்ளையிடமும் இதைப் படித்துக் காட்டு.

அன்புடன்,
அம்மா