நடுவில் போகிற நேரத்துக்கு ஒரு கட்டம்

தெம்பனீஸ், சிங்கப்பூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய பத்து நாள் அட்டவணையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி அச்செடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். அழகாகத்தான் போட்டிருக்கிறாய். காலை 9 மணி விலங்கியல் தோட்டம், 1 மணி செந்தோசா, 5 மணி தேக்கா (லிட்டில் இந்தியா). எல்லா இடத்துக்கும் கட்டம் இருக்கிறது. ஓர் இடத்தை விட்டு இன்னோர் இடத்துக்குப் போகிற நேரத்துக்குத்தான் கட்டம் இல்லை. கேட்டால், "சின்ன ஊர்தானேம்மா, வாடகைக் கார் எடுத்தால் இருபது நிமிஷம்" என்பாய்.

சின்ன ஊர்தான். கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 27 இருக்கும். ஆனால் தோட்டம் வடக்கே மண்டாயில், செந்தோசா தெற்குக் கடலில். தோட்டத்திலிருந்து 138ஆம் எண் பஸ் பிடித்து அங் மோ கியோ வந்து, ரயில் மாறி ஹார்பர்ஃபிரண்ட் போய், பிள்ளைகளைக் கழிவறைக்குக் கூட்டிப்போய் வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். காரில் போனாலும் மின்னியல் சாலைக் கட்டணம், கார் நிறுத்த இடம் தேடுவது என்று உன் தலைவலி தனி. ஆஸ்திரேலியாவில் பெர்த்திலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம், அதனால் சுலபம் என்கிறாய். எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதா இங்கே கஷ்டம்? மனுஷர் கார் வாங்கும் உரிமைச் சான்றிதழுக்கே காரின் விலையைக் கொடுக்கிற ஊர் இது. விருந்தாளியாக வருகிற நீ ஏன் அந்த வரிசையில் போய் நிற்கிறாய்?

அதனால் தோட்டம் ஒரு நாள், செந்தோசா ஒரு நாள். அதை முதலில் பிரித்துவிடு.

வந்திறங்கும் இரவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் விமானம் இறங்கிப் பெட்டி எடுப்பதற்குள் நடுநிசி ஆகிவிடும், அப்போது ரயில் இருக்காது. டாக்சி வரிசையில் நின்று டாக்சியிலேயே வா. 12 மணியிலிருந்து காலை 6 வரை மீட்டரில் பாதி கூடும், போகட்டும். கைபேசிச் செயலியில் கூப்பிடுகிற தனியார் கார் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகளுக்கு அந்தக் கார்களில் சிறுவர் இருக்கை கட்டாயம். டாக்சிக்கு மட்டும் விலக்கு. உன் இரண்டு பேரும் அந்த உயரத்துக்கு இன்னும் வரவில்லை. சட்டம் விலக்கு கொடுத்தாலும் பின்னால் உட்காரவைத்துப் பட்டையைப் போட்டுவிடு.

அப்புறம் கார்டு. பஸ்ஸிலும் ரயிலிலும் தட்டுவதற்கு நீ வைத்திருந்து விட்டுப்போன பழைய ஈசி-லிங்க் கார்டு இன்னும் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது, செத்துப்போய் எத்தனையோ வருஷம். இப்போது வங்கிக் கார்டையே தட்டிவிட்டு ஏறலாம். வெளிநாட்டுக் கார்டு என்றால் தட்டுகிற நாளுக்கு 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், நாலு பேருக்கு ஒன்றைத் தட்ட முடியாது. ஏறும்போது கைபேசியைத் தட்டிவிட்டு இறங்கும்போது கார்டைத் தட்டினால் இயந்திரம் அதை வேறு ஆளாகத்தான் நினைக்கும், ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் சரி. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தட்ட மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்கும் காசு போகும். மருமகளிடம் இதை இரண்டு தடவை சொல். என் மூத்தோர் கார்டைக் கடன் கேட்காதே, கொடுக்கக் கூடாது.

நீ 2008இல் கிளம்பியபோது சிவப்பு, பச்சை, ஊதா என்று மூன்றே ரயில் தடம். இப்போது ஆறு. முதல் தடம் திறந்த 1987 நவம்பர் உனக்கு நினைவிருக்காது, மூன்று வயது. தோ பாயோவிலிருந்து இயோ சூ காங் வரை மொத்தம் ஐந்தே நிலையம். எங்கேயும் போக வேலையில்லை, ரயிலைப் பார்க்கத்தான் நாமும் போனோம். அப்பா உன்னைத் தோளில் வைத்திருந்தார். கடைசி நிலையத்தில் இறங்க மாட்டேன் என்று நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை! அதே ரயிலில் திரும்பி வந்தோம், தோ பாயோவிலும் நீ இறங்கவில்லை. அப்படிப்பட்டவன் இன்றைக்கு எனக்குக் கார் என்று எழுதுகிறாய்.

நீலத் தடத்தில் ஒரு ஏமாற்று இருக்கிறது, அதை எந்த வரைபடமும் உனக்குச் சொல்லாது. தெம்பனீஸில் ஏறினால் மாறாமல் லிட்டில் இந்தியா போகலாம் என்று தெரியும். 2017இல் அந்தப் பகுதி திறந்த வாரம் நானும் அப்படித்தான் ஏறி உட்கார்ந்தேன். ரயில் ஜாலான் புசார் வந்தது, தேக்கா கிட்டே வந்துவிட்டதே என்று பையை எடுத்துக்கொண்டேன். அது பாட்டுக்குச் சைனாடவுன், பேஃபிரண்ட், பூகிஸ் என்று ஊரைச் சுற்றிவிட்டு இன்னும் பத்தாவது நிறுத்தத்தில் லிட்டில் இந்தியாவில் கொண்டுபோய் இறக்கியது. நீங்கள் ஜாலான் புசாரிலேயே இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் சிராங்கூன் ரோடு. போகிற வழியில் பெரியவளை நிலையப் பெயர்களைத் தமிழில் வாசிக்கச் சொல். தமிழ் வகுப்புக்கு வாரம் ஒரு நாள் போகிறாள் என்றாயே, ஒவ்வொரு நிலையத்திலும் பலகையில் தமிழ் இருக்கிறது. தீனிப் பையை மட்டும் மூடி வை. ரயிலில் சாப்பிட்டால் 500 வெள்ளி வரை அபராதம். தண்ணீரும் கூடாது.

அவசரமில்லாத நாளில் பஸ்ஸில் போங்கள். மாடி பஸ்ஸில் மேலே ஏறி முன்வரிசையில் உட்கார்ந்தால், மரக்கிளைகள் கண்ணாடியில் உரசுவதைப் பார்த்துச் சின்னவன் கத்தப்போகிறான். நிறுத்தத்தில் கையை நீட்டினால்தான் பஸ் நிற்கும். பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு 45 நிமிஷத்துக்குள் மாறினால் ஒரே பயணக் கணக்குதான், புதிதாக ஆரம்பக் கட்டணம் விழாது. நடுவில் கோப்பிக்கடையில் ஒரு தே தாரிக் குடிக்க அது போதும்.

உபின் தீவை உன் அட்டவணையில் காணோம். சேர்த்துக்கொள். நம் வீட்டுப் பக்கத்திலிருந்தே 29ஆம் எண் பஸ் சாங்கி கிராமத்துக்குப் போகிறது. படகுத்துறையில் நேர அட்டவணை எதுவும் கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும், அவ்வளவுதான். ஆளுக்கு 4 வெள்ளி, காசாக வைத்துக்கொள். நாம் ஐந்து பேர், இன்னும் ஏழு பேர் வரணும். போன தடவை நான் சிநேகிதிகளோடு போனபோது பதினோரு பேர் ஆகிவிட்டது, பன்னிரண்டாவது ஆள் வரவில்லை. முன்பின் தெரியாத பதினோரு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிதானமாக வந்தார். எல்லாரும் கை தட்டினோம். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் மீதி ஆட்களின் காசையும் நாமே கொடுத்துக் கிளம்பலாம். நீ அதைத்தான் செய்வாய் என்று தெரியும். செய்யாதே. பிள்ளைகளை எண்ணச் சொல்லிவிட்டு உட்கார்.

செந்தோசாவுக்கு என்னைக் கூப்பிட வேண்டாம். விவோசிட்டி பேரங்காடியிலிருந்து நடைபாலத்தில் காசில்லாமல் நடந்தே போகலாம், உள்ளே பஸ்ஸும் இலவசம். போய்விட்டு வாருங்கள், நான் வீட்டில் மீன்குழம்பு வைத்துவிடுகிறேன்.

ஆனால் ஒரு நாள் எனக்கு வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

உன் தாத்தா 1947இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். தளத்தில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கு, கிள்ளான் துறைமுகமெல்லாம் தாண்டி வந்தும், நேரே ஊருக்குள் விடவில்லை. கப்பலில் யாருக்கோ அம்மை கண்டிருந்ததாம். எல்லாரையும் சென் ஜான்ஸ் தீவில் இறக்கிவிட்டார்கள். துணியை ஆவியில் வேகவைத்துக் கொடுத்தார்கள், கொட்டகையில் வரிசையாகப் படுக்கவைத்தார்கள். ராத்திரியில் எதிரே சிங்கப்பூர் விளக்கெல்லாம் தெரியுமாம். "கண்ணுக்கு ஊர் எட்டுது, காலுக்கு எட்டலை" என்று சொல்லிச் சிரிப்பார். எத்தனை நாள் இருந்தார் என்று கேட்டால் ஒரு தடவை ஐந்து என்பார், ஒரு தடவை பதினைந்து என்பார்.

நாகப்பட்டினத்திலிருந்து அவ்வளவு கடலைத் தாண்டி வந்தவருக்குக் கடைசி ஆறேழு கிலோமீட்டர்தான் நீளமான பயணம். இங்கேயே பிறந்து வளர்ந்த நான் அந்தத் தீவை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. உன் அப்பாவிடம் கேட்கும்போதெல்லாம் "பார்க்கலாம்" என்பார். அவருக்கும் வேலை, எனக்கும் வேலை, அப்படியே போய்விட்டது.

நீ இருந்த காலத்தில் அந்தத் தீவுக்குப் படகு கிளம்புகிற துறைக்குப் போவதே ஒரு பாடு. 2014இல் மரினா சவுத் பியர் ரயில் நிலையம் திறந்த பிறகு கஷ்டமில்லை. பச்சைத் தடத்தில் போய் ராஃபிள்ஸ் பிளேசில் சிவப்புக்கு மாறினால் கடைசி நிலையம் அதுதான், ஏறி வந்தால் துறை எதிரே. நாளுக்குச் சில நடைதான் படகு விடுகிறார்கள். திரும்பி வருகிற கடைசிப் படகின் நேரத்தை முதலில் பார்த்து எழுதிக்கொள், அங்கிருந்து ஊருக்குப் பாலம் கிடையாது. லாசரஸ் தீவுக்கு மட்டும் ஒரு கரைப்பாதை இருக்கிறது, பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்க் கடலில் விடலாம். எனக்கு முட்டிவலி, நான் சென் ஜான்ஸிலேயே மர நிழலில் உட்கார்ந்துகொள்கிறேன்.

சனி ஞாயிறு கூட்டம், வார நாளாகப் போடு. புளிச்சோறும் முட்டையும் நான் கட்டிக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் நீ எழுதியிருக்கிற பேரங்காடியை அடித்துவிடு. எங்கே போகிறோம் என்று பிள்ளைகளிடம் இப்போதே சொல்லாதே, படகில் வைத்து நான் சொல்லிக்கொள்கிறேன்.

கார் முன்பதிவை மூன்று நாளுக்கு முன்னால் ரத்து செய்தால் முழுக் காசும் திரும்பும் என்று நீதான் எழுதியிருந்தாய். இன்றைக்கே செய்துவிடு. வெள்ளிக்கிழமை வரை தள்ளினால் மறந்துவிடுவாய்.

அன்புடன்,
அம்மா

சின்னவனுக்குத் தொப்பி மறக்காதே. அவனுடைய தலை அளவுக்கு இங்கே வாங்கி வைக்கலாம் என்று பார்த்தேன், அப்பாயிக்கு அளவு தெரியவில்லை என்று சொல்.