உள்ளே வரலாமா என்று கேட்கிறவன்

கோவில்பட்டி
ஞாயிறு, மாலை

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. குனிந்து கோலம் போடாதே, ஒரு மாதத்துக்கு உன் மகள் போடட்டும், கோடு கோணினாலும் பரவாயில்லை.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். "ஏட்டி, ஐம்பது வயசுல ரத்தக்காட்டேரியும் ஓநாயும் காதலிக்கிற கதையப் படிச்சிக்கிட்டு இருக்கியாமே, அதுல அப்பிடி என்னதான் இருக்கு?" வேறு யாராவது கேட்டிருந்தால் பேச்சை மாற்றியிருப்பேன். நீ கேட்டதால் காப்பியைக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகப் போகும், உனக்குக் கண் வலித்தால் மகளை வாசிக்கச் சொல்.

அம்மாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்த வருஷம் தொடங்கியது இது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தேடுவாள். நான் பக்கத்தில் விழித்துக்கொண்டே இருக்க வேண்டும். விளக்குப் போட்டால் பதறுவாள். நாத்தனார் மகள் தன் பழைய கிண்டிலைக் கொடுத்துவிட்டுப் போனாள், அது இருட்டிலும் படிக்கத் தோதாக இருந்தது. அதற்குள் அவள் வாங்கி வைத்திருந்த புத்தகங்களில் முதலாவதாக இருந்ததைத் திறந்தேன். சார்லைன் ஹாரிஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2001இல் எழுதிய 'டெட் அன்டில் டார்க்'. லூசியானா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு மதுக்கடையில் பரிமாறுகிற பெண் சூக்கி. அவளுக்கு ஒரு கஷ்டம். எதிரில் இருப்பவர் மனசில் ஓடுவதெல்லாம் அவள் காதில் விழுந்துவிடும். தட்டை வைக்கக் குனிந்தால் அந்த ஆள் என்ன நினைக்கிறான் என்று கேட்கும். யாரோடு பழகினாலும் அவன் தன் உடம்பைப் பற்றி நினைப்பதெல்லாம் கேட்கும். பாவம், எந்த ஆணோடும் அவளால் நிம்மதியாக ஒரு மணி நேரம் உட்கார முடிவதில்லை.

ஒருநாள் இரவு கடைக்கு ஒரு ரத்தக்காட்டேரி வந்து உட்காருகிறான். ஜப்பான்காரர்கள் செயற்கை ரத்தம் கண்டுபிடித்துவிட்டதால் காட்டேரிகளெல்லாம் ஒளிந்து வாழ்வதை விட்டு வெளியே வந்துவிட்ட காலம். அவள் அவன் பக்கம் மனசைத் திருப்பிப் பார்க்கிறாள். ஒன்றுமே கேட்கவில்லை. முழு அமைதி. செத்தவன் மனசு அவளுக்குக் கேட்காது. செல்வி, அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் கிண்டிலை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். அவன் அழகன், பலசாலி, சாகாதவன் என்பதெல்லாம் அப்புறம். அவளுக்கு அவனிடம் கிடைத்த முதல் பொருள் ஓய்வு. பகலில் நாற்பது பிள்ளைகள், சாயங்காலம் வீடு, ராத்திரி அம்மா என்று சுற்றிச் சுற்றிச் சத்தத்தில் கிடந்த எனக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று நீயே நினைத்துக்கொள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதை உனக்காகவே சொல்கிறேன். காட்டேரி எவ்வளவு பலம் உள்ளவனானாலும், வீட்டுக்காரி வா என்று சொல்லாமல் வாசற்படி தாண்ட முடியாது. இது பழைய சங்கதி, நீயும் கேள்விப்பட்டிருப்பாய். ஹாரிஸ் கதையில் அதற்கு மேலும் ஒன்று உண்டு. கொடுத்த அழைப்பை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மூன்றாம் புத்தகத்தின் முடிவில், அவளைப் படாத பாடு படுத்திவிட்ட இரண்டு காட்டேரிகள் அவள் வீட்டுக்குள் நிற்கிறார்கள். அவள் அழைப்பை ரத்து செய்கிறேன் என்று சொல்கிறாள். அவ்வளவுதான். பல நூற்றாண்டு வயதுள்ளவனும் சேர்ந்து இரண்டு பேரும் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வெளியே போக வேண்டியதாகிறது.

அதைப் படித்தபோது உன் வீட்டு நடுக்கூடம்தான் என் கண்ணில் நின்றது. உன் வீட்டுக்காரர் போய்ப் பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை, சொத்துக்கு வந்தவர்கள் செருப்போடு உள்ளே வந்து பீரோவைத் திறந்து பத்திரத்தைத் தேடினார்கள். நீ நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே போங்கள் என்ற சொல் நம் இரண்டு பேர் தொண்டையிலும் இருந்தது, வரவில்லை. வந்திருந்தாலும் அவர்கள் போயிருக்க மாட்டார்கள். பெண் சொன்ன ஒரு சொல்லுக்கு வாசல் கட்டுப்படுகிற உலகத்தை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று அன்று ராத்திரி தெரிந்தது. இந்தக் கதைகளை நான் விடாமல் படிப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

நம் ஊர்ப்பக்கம் பேய்க்காதல் கதை நமக்குப் புதிதா என்ன? கோவில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் நீலி கதை பாடும்போது நீயும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்து கேட்டிருக்கிறோம். நகைக்காகப் பெண்ணைக் கொல்கிறான். அவள் பேயாகி, கள்ளிக்கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுபிறவியில் வணிகனாகப் பிறந்திருக்கிறவனைத் தேடி வந்து பழி தீர்க்கிறாள். பிறகு அவளே இசக்கியம்மனாக ஊர் எல்லையில் உட்காருகிறாள். நம் கதையில் பெண் செத்த பிறகுதான் அவள் பேச்சுக்குப் பலம் வருகிறது. இவர்கள் கதையில் பெண் உயிரோடு, எச்சில் தட்டு எடுத்துக்கொண்டு, மறுநாள் வேலைக்குப் போய்க்கொண்டே இருக்கிறாள். பேயாக வருகிறவன் ஆண், மனுஷனாக நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டியவனும் அவனே. எனக்கு இசக்கி மேல் உள்ள பக்தி குறையவில்லை. ஆனால் இந்த வேறுபாடு பெரிசு. காதலையும் அணங்கையும் சேர்த்து நினைப்பதும் நமக்குப் பழக்கம்தானே. காமத்துப்பால் தொடங்குகிற முதல் சொல்லே அணங்கு என்று தமிழம்மா கரும்பலகையில் எழுதிப் போட்டது உனக்கு நினைவிருக்கும்.

இனி ஓநாய். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த தொடர். பாட்ரிசியா பிரிக்ஸ் எழுதுவது, 2006இல் 'மூன் கால்ட்' என்று தொடங்கியது, 2024இல் பதினான்காம் புத்தகம் வந்திருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் கென்னவிக், பாஸ்கோ, ரிச்லேண்ட் என்று மூன்று ஊர்கள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன, கதை நடப்பது அங்கேதான். நாயகி மெர்சி ஒரு கார் மெக்கானிக். பழைய வோக்ஸ்வாகன் கார்களைப் பழுது பார்க்கிறாள், நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். அப்பா வழியில் வந்த வரத்தால் கொயோட் என்கிற சின்ன ஓநாயாக மாறுவாள். மற்ற ஓநாய் மனிதர்களோடு பார்த்தால் அவள் பொடிசு, பலத்தில் யாருக்கும் ஈடில்லை. அவள் வீட்டுக்குப் பின்னால் பெரிய வீட்டில் இருக்கிறவன் ஆடம், ஓநாய்க் கூட்டத்துக்குத் தலைவன். எல்லாம் ஒழுங்காக, சுத்தமாக இருக்க வேண்டும் அவனுக்கு. அவன் அதிகாரம் பண்ணும்போதெல்லாம் இவள் எதிர்த்துச் சண்டை போடுவதில்லை. அவன் ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் ஒரு ஓட்டைக் காரை நிறுத்தி வைத்திருக்கிறாள். கோபம் வரும்போது அதிலிருந்து இன்னொரு சாமானைக் கழற்றிவிடுவாள். அவன் ஒன்றும் சொல்ல முடியாமல் ஜன்னலில் நின்று பார்ப்பான். அந்தக் கார் எத்தனை புத்தகத்தில் வந்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

தொடராக இருப்பதில்தான் விசேஷம். நாம் படித்த காதல் கதையெல்லாம் கல்யாணப் பத்திரிகையோடு முடிந்துவிடும். மெர்சிக்கும் ஆடமுக்கும் ஆறாம் புத்தகத்தில் கல்யாணம் நடக்கிறது, அதற்குப் பிறகும் எட்டுப் புத்தகம். அவன் முதல் மனைவி ஒருவனுக்குப் பயந்து அடைக்கலம் கேட்டு இவர்கள் வீட்டுக்கே வந்து சேருகிறாள், அடுப்படியில் யார் நிற்பது என்ற பிரச்சினை வருகிறது. அசுரர்களோடு நடக்கிற சண்டையைவிட அது எனக்குப் பதற்றமாக இருந்தது.

மூன்றாம் புத்தகம் 'அயர்ன் கிஸ்ட்'. அதில் மெர்சிக்கு ஒரு கொடுமை நடக்கிறது. எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பெண்ணுக்கு நடக்கிற கொடுமை. நடந்ததை அதே புத்தகத்தில் துடைத்துப் போட்டுவிட்டு எழுத்தாளர் அடுத்த கதைக்குப் போகவில்லை. நான்காம் புத்தகம் முழுக்க அவளுக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது. தனக்குப் பிடித்தவன் பக்கத்தில் இருந்தாலும் உடம்பு பதறுகிறது. ஆடம், ஒரு கூட்டமே பயப்படுகிற ஆடம், அவள் வரட்டும் என்று காத்திருக்கிறான். ஒரு காயம் ஆறுவதற்கு இவ்வளவு பக்கம் ஒதுக்கிய காதல் கதையை நான் இதற்கு முன் படித்ததில்லை. ஒரே புத்தகத்தில் முடிகிற கதையில் அதற்கு இடமும் இல்லை.

தொடர் இரண்டு விதம். மெர்சி மாதிரி ஒரே ஜோடியோடு கூடவே நடப்பது ஒன்று. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு புது ஜோடி, ஆனால் உலகம் ஒன்றே என்பது இன்னொன்று. நளினி சிங் எழுதுவது இரண்டாவது. பிஜியில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். 2006இல் வந்த அவருடைய 'ஸ்லேவ் டு சென்சேஷன்' புத்தகத்தில் மன ஆற்றல் உள்ள ஓர் இனம், வன்முறையை ஒழிக்கிறோம் என்று, குழந்தைகளுக்கு உணர்ச்சியே வராமல் பழக்கிவிடுகிறது. அந்த இனத்துப் பெண் சாஷா. தனக்கு மட்டும் உணர்ச்சி கசிகிறது என்று யாருக்கும் தெரியாமல் ஒளித்து வாழ்கிறாள். அவளுக்கு வந்து வாய்க்கிறவன் சிறுத்தையாக மாறுகிற லூக்கஸ், தொட்டுத் தொட்டுப் பேசுகிற கூட்டத்தைச் சேர்ந்தவன். அதில் முதல் புத்தகத்தில் ஜோடி சேர்ந்தவர்கள் பின்னால் வருகிற புத்தகங்களில் ஓரமாக வந்து போகும்போது, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பழைய ஆட்களைப் பார்க்கிற சந்தோஷம்.

இலோனா ஆண்ட்ரூஸ் என்ற பெயரில் கணவன் மனைவி இரண்டு பேர் சேர்ந்து எழுதுகிறார்கள். அதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அட்லாண்டா நகரத்தில் மந்திரம் அலை அலையாக வரும், வந்தால் கரண்ட் போய்விடும், வண்டி நின்றுவிடும். 2012இல் நாம் மண்ணெண்ணெய் விளக்கோடு கிடந்ததை நினைத்துக்கொண்டு படித்தேன். அந்த ஊர் உருமாறிகள் கூட்டத்தில் ஒருவன் ஒருத்திக்குச் சாப்பாடு கொடுத்தால் காதலைச் சொன்னதாக அர்த்தம். அது தெரியாமல் நாயகி கேட், அந்தக் கூட்டத்துத் தலைவன் கொடுத்த சூப்பைக் குடித்து வைக்கிறாள்!

எல்லாமே நல்லது என்று நான் சொல்லமாட்டேன். விதித்த துணை என்று ஒரு வழக்கம் இந்தக் கதைகளில் உண்டு. மோப்பம் பிடித்ததும் நீ என்னுடையவள் என்று கதவைச் சாத்துகிறவன், வேறு ஆணோடு பேசினால் உறுமுகிறவன், அவள் சம்மதத்தைக் கேட்காமலே எல்லாம் விதி என்று முடித்துவிடுகிறவன். அப்படிப்பட்ட புத்தகங்கள் நிறைய இருக்கின்றன, நன்றாகவும் விற்கின்றன. நாலு அத்தியாயத்தில் மூடி வைத்துவிடுவேன். அந்த மாதிரி ஆளைப் பார்ப்பதற்கு எனக்கு ஓநாய் வேஷம் தேவையில்லை.

சூக்கி தொடர் 2013இல் பதின்மூன்றாம் புத்தகத்தோடு முடிந்தபோது வாசகர்கள் கொதித்துப்போனார்கள். கடைசியில் அவள் எந்தக் காட்டேரியையும் தேர்ந்தெடுக்காமல், தன் கடை முதலாளி சாம் பக்கம் போய்விடுகிறாள். பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவர்களுக்கு வலிக்கும்தான். ஆனாலும் ஹாரிஸ் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். சாம் பகலில் இருக்கிறவன், அவள் அழும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவன். நீ படித்துவிட்டு வேறு மாதிரிச் சொன்னாலும் சண்டை போடமாட்டேன்.

இவ்வளவும் படிக்கிற பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியுமா? அம்மாவிடமிருந்துதான். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டு பைண்ட் பண்ணி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாளே, நீகூட இரண்டு வாங்கிப்போய் ஒன்றைத்தான் திருப்பிக் கொடுத்தாய். அதில் ஒன்றில் ஒரு வாரத்துப் பக்கம் இல்லை. அந்த இதழ் கிடைக்கவில்லை போல. எதிர்வீட்டு அக்காவிடம் கதையைக் கேட்டு, ரூல் போட்ட தாளில் நீல மையில் எழுதி, அதையும் சேர்த்து பைண்ட் பண்ணியிருந்தாள். கடைசி மாதங்களில் ராத்திரி அவள் பதறும்போது அந்தப் புத்தகத்தைத்தான் வாசித்துக் காட்டுவேன். பெயர்களெல்லாம் அவளுக்குத் தப்பிப்போயிருந்தன. அத்தியாய முடிவில் 'தொடரும்' என்று நான் வாசித்ததும் மட்டும் முகம் தெளியும். "அடுத்த வாரம் புஸ்தகம் வருமா?" என்பாள். வரும்மா என்று சொன்னால் தூங்கிவிடுவாள். அவள் தூங்கின பிறகு நான் மெர்சியை எடுப்பேன்.

வீட்டில் மற்றபடி எல்லோரும் சுகம். சின்னவனுக்குத் தூத்துக்குடியில் வேலை கிடைத்திருக்கிறது, வாரம் ஒருமுறை அழுக்குத் துணியோடு வருகிறான். கொல்லை முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது, போத்து வெட்டி வைத்திருக்கிறேன்.

பீரோ விஷயத்தை எழுதியது உனக்கு வருத்தம் என்றால் சொல்லிவிடு. மெர்சி முதல் புத்தகம் அச்சுப் பிரதி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், டாக்டர் படிக்கலாம் என்று சொன்னதும் கூரியரில் போடுகிறேன். மூன்றாம் புத்தகத்தைத் தனியாக இருக்கும்போது படிக்காதே. எனக்குப் போன் பண்ணிவிட்டுத் தொடங்கு, எந்த நேரமானாலும் சரி.

அன்புடன்,
உன் மல்லிகா