நீ சொன்ன படத்தைப் பார்த்துவிட்டேன்

கண்ணா,

மின்னல் முரளி பார்த்துவிட்டேன். நீ சொல்லி எத்தனை மாதமாயிற்று என்று கேட்காதே, நீ போன் செய்து எத்தனை வாரமாயிற்று என்று நானும் கேட்கவில்லை. சரி, சண்டைக்கு எழுதவில்லை. "பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லும்மா" என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். ஒரு தடவை தமிழ்க் குரலில் பார்த்தேன், மறுநாள் மலையாளத்திலேயே போட்டேன். பாதி புரியவில்லை, இருந்தாலும் அதுதான் நன்றாக இருந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தையல்காரனை சூப்பர்ஹீரோ ஆக்கினார்களே, அதற்கே பாதி மார்க் போட்டுவிட்டேன். இத்தனை வருஷமாக மெஷின் மிதிக்கிறேன், நம் தொழிலுக்கு இப்படி ஒரு மரியாதையை யாரும் கொடுத்ததில்லை. இன்னும் நாலு காட்சியில் கத்தரியை அவன் கையில் கொடுத்திருக்கலாம், அது வேறு விஷயம். கதை நடப்பது ஒரு சின்ன ஊரில், 90களில். உலகத்தைக் காப்பாற்றுகிற வேலையே இல்லை. பூமி அழியப் போகிறது என்று சொல்கிற படங்களில் எனக்குப் பயமே வராது, அடுத்த பாகத்துக்கு அது பத்திரமாக இருக்கும் என்று தெரியும். இங்கே நாலு வீடு எரிந்தாலே மனசு பதறுகிறது, ஏனென்றால் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். இயக்குநர் பேசில் ஜோசப்பின் கெட்டிக்காரத்தனம் அதுதான். அந்தத் தையல்காரன் ஜெய்சனும் மின்னல் விழுந்து சக்தி வந்தவுடன் நல்லவனாகிவிடவில்லை. அவமானப்படுத்தியவர்களை அடிக்க வேண்டும், அமெரிக்கா போக வேண்டும், அவ்வளவுதான் அவன் யோசனை. வாலிபப் பிள்ளைகள் அப்படித்தானே. அந்தப் பொடியன் ஜோஸ்மோன் மாமனுக்கு என்ன சக்தி வந்திருக்கிறது என்று சோதித்துப் பார்க்கிற இடங்களில் உன் ஞாபகம்தான். துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நீ செய்த காரியம். முழங்காலில் இன்னும் இருக்கிறதா அது?

நேரத்துக்குச் சாப்பிடு. தூங்கு.

குறையும் இருக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, நடுவில் அரை மணியைத் தாராளமாக வெட்டலாம். ஒரே ராத்திரியில் ஒரே ஊரில் இரண்டு பேர் மீது மின்னல் விழுகிறது, சரி, கதை என்றால் ஒரு பொய்யை ஒத்துக்கொள்ளலாம். ஹீரோவின் சொந்த அப்பா நாடகக்காரர், தீயில் போனவர் என்று பின்னால் ஒரு கதையை இழுத்துக் கட்டினார்களே, அது எனக்கு ஒட்டுப்போட்ட மாதிரி தெரிந்தது. கராத்தே சொல்லிக்கொடுக்கிற அந்த புரூஸ் லீ பிஜி எவ்வளவு நன்றாக ஆரம்பித்தாள், கடைசியில் அவளுக்கு உருப்படியாக ஒரு வேலையும் கொடுக்கவில்லை. கடைசிச் சண்டையும் நீளம்.

ஆனால் படத்தின் பெரிய பலமும் பெரிய குறையும் ஒரே ஆள்தான். மின்னல் விழுந்த இன்னொருவன், வில்லன் ஷிபு. குரு சோமசுந்தரம் நம் தமிழ் நடிகர்தானே, ஜோக்கர் படத்தில் மன்னர் மன்னனாக வந்தவர். ஷிபுவுக்கு டீக்கடையில் வேலை. அவன் அம்மாவை வைத்து ஊரே அவனையும் பைத்தியம் என்கிறது. அவனோடு உட்கார்ந்து பேச ஒரு ஆள் இல்லை. அவன் காதலிக்கிற உஷா கடைசியில் ஒப்புக்கொள்கிற இடத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக அந்த முகத்தில் வருகிறதே, அதற்குப் பிறகு ஹீரோ பறந்தால் என்ன, ஓடினால் என்ன. 28 வருஷம் காத்திருந்தானாம். அங்கேதான் படம் தடுமாறுகிறது என்பது என் கட்சி. அவனுக்காக நம்மை அவ்வளவு அழவைத்துவிட்டு, பிறகு அவனை அடிக்கும்போது கை தட்டு என்றால் எப்படித் தட்டுவது? இன்னொன்று, காத்திருந்ததையே பெரிய காதல் என்று படம் நம்புகிறது. உஷா அவனைக் காத்திருக்கச் சொன்னாளா? அவளை யாராவது உட்காரவைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்களா? அவள் நோயாளிப் பெண்ணை வைத்துக்கொண்டு தவிக்கிறாள், இவன் தன் காத்திருப்பைக் கொண்டுவந்து அவள் தலையில் வைக்கிறான். மனுஷன் இருக்கிற வாழ்க்கையை வாழாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது நல்லதில்லை, கண்ணா. யாரோடாவது பேச வேண்டும். ஆபீஸில் பேசுவதைச் சொல்லவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நெட்ஃபிளிக்ஸைத் திறந்தபோது தெரியாமல் உன் பெயர் இருக்கிற கட்டத்தை அழுத்திவிட்டேன். வேவு பார்க்கவில்லை. படம் நீ நிறுத்திய இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. ஷிபுவும் உஷாவும். படம் வந்தது 2021 டிசம்பரில், அப்போதே பார்த்துவிட்டேன் என்று சொன்னவன் நீ. எத்தனையாவது தடவை பார்க்கிறாய்?

நீ இரண்டு வேலை பார்த்துத் தங்கைக்குப் பீஸ் கட்டியதை யாரிடம் சொல்லாமல் இருந்திருக்கிறேன்? எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். உனக்குப் பிடிக்காது என்று தெரியும். ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பெண் ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் போன் செய்தாள். நீ உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாய், முதல் நாள் ராத்திரி முழுக்கக் கண் விழித்திருந்தாய். நீ வெளியூர் போயிருக்கிறாய், ஒரு வாரம் ஆகும் என்றேன். "சரிங்கம்மா" என்று வைத்துவிட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. உன்னை எழுப்ப மனசில்லை என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன், அது இல்லை. அப்பா கத்துவார், பெரியம்மா வீட்டில் பேச்சு வரும் என்றுதான். அன்றைக்கு நான் தைத்த ஜாக்கெட்டின் இரண்டு கையையும் மாற்றி வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடியும் மாற்றியே தைத்தேன். அவள் போன் செய்யவே இல்லை என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்? செய்தாள்.

கோபப்படு. ஆனால் போனில் கோபப்படு. அப்பா மத்தியானம் தூங்குவார், அந்த நேரத்தில் கூப்பிட்டால் நான்தான் எடுப்பேன்.

உன் கட்டத்தை உடனே மூடிவிட்டேன், என் பெயரில்தான் முதலிலிருந்து பார்த்தேன். நீ நிறுத்தின இடத்தை நான் கலைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஒரு தடவை பார்த்துக்கொள்.

அம்மா